சாரல் காலத்தில் முரண்டு பிடிக்கும் வண்டி... சத்தத்தைக் கேட்டாலே காரணம் தெரியும்!

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் யாராவது ‘கார்’ என்று பேச்செடுத்தால், எனக்கு முதலில் கார் பருவ நெல்தான் ஞாபகத்துக்கு வரும். என்ன ரகம் விடலாம், வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், நாற்று ஏன் மஞ்சளிக்கிறது என்று போன் ஓயாது. ஆனால், அதே மாதங்களில் விடிகாலையில் வரும் சில போன்கள் இன்னொரு காரைப் பற்றியவை. “சார், லோடு ஏத்தியாச்சு. வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு. என்ன செய்ய?”

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை ஏன் ஒரு வேளாண்மை அலுவலரிடம் கேட்கிறார்கள் என்று நினைப்பீர்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது, பண்ணைக் கருவிகள் பாடத்தில் ஆயில் இன்ஜினைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்கு வந்த பிறகு பவர் டில்லர், டிராக்டர், கிணற்று மோட்டார் என்று ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும் இடத்தில் அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால், பயிரில் நோயைக் கண்டுபிடிக்க எந்த வழியில் போகிறோமோ, அதே வழியில் போனால் வண்டிக் கோளாறையும் பெரும்பாலும் பிடித்துவிடலாம் என்பதை இத்தனை வருடத்தில் பார்த்திருக்கிறேன்.

பயிர் மஞ்சளிக்கிறது என்று ஒருவர் சொன்னால், ‘எந்த இலை?’ என்றுதான் முதலில் கேட்பேன். அடியிலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். கொழுந்து வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகப்பட வேண்டும். இலையைப் பார்க்காமல் கடையில் கொடுத்ததையெல்லாம் அடித்தால் காசுதான் கரையும். வண்டியும் அப்படித்தான். ‘பேட்டரி போயிருக்கும்’, ‘செல்ஃப் மோட்டார் போயிருக்கும்’ என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காரணம் பார்க்காமல் சாமான் மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவாகும். கோளாறு அங்கேயே இருக்கும்.

நம் வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் கைமாறி வந்த வண்டிகள். பழைய மாருதி, ஆம்னி, இல்லையென்றால் ‘குட்டி யானை’ என்று நாம் கூப்பிடும் சின்ன லோடு வண்டி. கத்திரியும் தக்காளியும் பறித்த பிறகு காத்திருக்காது. பாவூர்சத்திரம் சந்தையில் கேரளாவுக்கு லோடு ஏறும் நேரம் தப்பினால் விலை நம் கையில் இல்லை. அந்த ஒரு மணி நேரப் பதற்றத்தில்தான் தப்பான முடிவுகளை எடுக்கிறோம்.

சாரலுக்கும் வண்டிக்கும் என்ன பகை?

செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அருவி கொட்டுவது நமக்குச் சந்தோஷம். வண்டிக்கு மூன்று சங்கடங்கள். நாள் கணக்கில் ஈரம் உலராததால் ஒயர் முனைகளிலும் இணைப்புகளிலும் பூசணம் போலத் துரு பிடிக்கும். பகலிலேயே லைட், வைப்பர் என்று எல்லாம் ஓடுவதால் பேட்டரிக்கு வேலை அதிகம். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தினால், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் திரும்ப ஏற நேரம் இருக்காது. அதனால், கோடையில் ஒழுங்காக இருந்த வண்டி ஆடியில் மக்கர் பண்ணினால், ‘புதுசா ஏதோ உடைஞ்சிட்டு’ என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே இருந்த சின்னக் குறை வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சில்லறை விஷயங்களைப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? புது வண்டிகள் பலவற்றில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். சாவிப் படமோ பூட்டுப் படமோ டேஷ்போர்டில் விடாமல் மின்னினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள். டேங்கில் எண்ணெய் இருக்கிறதா? முள் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். கடைசியாக எப்போது போட்டோம் என்று யோசியுங்கள். இவை சரியாக இருந்தால், சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேளுங்கள். ஒன்று, சத்தமே இருக்காது அல்லது ‘டிக்... டிக்’ என்று மட்டும் கேட்கும். இரண்டு, இன்ஜின் நோயாளி மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றும். மூன்று, வழக்கமான வேகத்தில் சுற்றும், ஆனால், பிடிக்காது. முதல் இரண்டும் மின்சாரத்தின் பக்கம். மூன்றாவது, எண்ணெய் அல்லது நெருப்புப்பொறியின் பக்கம். இதைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

டிக் டிக் என்றால்...

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நிற்கச் சொல்லிச் சாவியைத் திருப்புங்கள். லைட் அப்படியே மங்கி அணைந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. லைட் மங்காமல் பளிச்சென்று எரிந்து, டிக் என்று மட்டும் கேட்டால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் போகிற வழியிலோ, செல்ஃப் மோட்டாரிலோ தடை இருக்கிறது.

‘லைட் எரிகிறதே, செல்ஃப் மட்டும் ஏன் எடுக்கவில்லை?’ என்று பலர் கேட்பார்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் சின்ன காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மடையில் குப்பை அடைத்துக்கொண்டால் கசிவுத் தண்ணீர் போகும், வயலுக்குப் பாயும் தண்ணீர் போகாது இல்லையா... அதே கதைதான். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்பு, கார்களைக் கையால் ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள். ஆயில் இன்ஜின் ஹேண்டில் திருப்பி அடித்துக் கை வீங்கிய பெரியவர்களுக்கு, அந்த மோட்டார் எவ்வளவு பாரத்தைச் சுற்றுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ, நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். அந்த நீலப்பச்சைப் பொடி நமக்குப் புதிதல்ல. செம்புக் கம்பியில் பேட்டரி அமிலம் பட்டு உண்டாகும் மயில்துத்தம்தான் அது. போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று சேர்க்கிறோம். சுண்ணாம்பு அங்கே அமிலத்தை முறிக்கிறது. இங்கே அந்த வேலையை ஆப்ப சோடா செய்யும். வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, பழைய டூத்பிரஷால் முனைகளைத் தேயுங்கள். நுரை அடங்கினால் அமிலம் முறிந்துவிட்டது. பேட்டரி மூடித் துளைகளுக்குள் இந்தத் தண்ணீர் போகக்கூடாது. காயவைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இருந்தால் நல்லது.

கீழப்பாவூர் பக்கம் கத்திரி போட்டிருந்த ஒரு அண்ணாச்சியின் வண்டி இந்த ‘டிக் டிக்’ வகைதான். “பேட்டரி மாத்தி மூணு மாசங்கூட ஆகல சார். அதுவும் போச்சுன்னு இன்னொண்ணு வாங்கிப் போட்டேன். மறுபடியும் டிக்குன்னுதான் கேக்கு” என்றார். மேலுரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் இரண்டாவது பேட்டரியை வாங்கியிருந்தார். லைட்டைப் போட்டுப் பார்த்தோம், மங்கவில்லை. “அண்ணாச்சி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. தண்ணி இருக்கு, வாய்க்கால்தான் அடைச்சிருக்கு” என்றேன். வண்டியின் பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைத் தேடிப் பார்த்தால், போல்ட் இருக்கும் இடம் முழுக்கத் துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினார். வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. செலவு, ஒரு உப்புத்தாள். அவர் வீட்டு அக்கா, “இதுக்கா ரெண்டு பேட்டரி வாங்குனிய?” என்று கேட்ட கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

மூன்று எண்கள் போதும்

கிணற்று மோட்டாருக்கு வைத்திருக்கும் மல்டிமீட்டரே இதற்கும் போதும். 12 வோல்ட் பேட்டரிக்குள் 6 அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாமல் வேலைக்கு ஆகாது. இது முதல் எண். செல்ஃப் எடுக்கும்போது அளந்தால் 9.5-க்குக் கீழே இறங்கக்கூடாது. முழு சார்ஜ் இருந்தும் இறங்கினால், பேட்டரி மூப்பாகிவிட்டது. இது இரண்டாவது. வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே என்றால், நாம் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். அங்கே கோளாறை வைத்துக்கொண்டு புதுப் பேட்டரி வாங்கினால், அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

அவசரத்துக்கு இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். சீசன் நேரத்தில் ஐந்தருவி, பழைய குற்றாலம் பக்கம் லைட்டை அணைக்காமல் குளிக்கப் போய்விட்டுத் தவிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு நம் ஆள்கள் இப்படி உதவுவதைப் பார்க்கலாம். அதில் ஒரு முறை இருக்கிறது. சிவப்பு ஒயரைச் சார்ஜ் இல்லாத பேட்டரியின் பாசிட்டிவில் முதலில் மாட்டுங்கள். அடுத்த முனை, நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு ஒயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனை, ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதன் அருகே பொறி பறந்தால் வெடிக்கும். பீடி, தீப்பெட்டி கிட்டவே வரக்கூடாது. பெரிய லாரி, பஸ்களில் இருப்பது 24 வோல்ட். அதிலிருந்து காருக்குக் கொடுத்தால் காரின் மின் சாதனங்கள் கருகிவிடும். 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி என்றால் கொடுக்கலாம்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

முதலில் சொன்ன மூன்றாவது சத்தம் இது. இங்கே பேட்டரியைத் தொட வேண்டியதில்லை. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பி, நல்ல பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு நிமிடம் விட்டுத்தான் அடுத்த தடவை. இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும்.

பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாடை கப்பென்று அடித்தால், உள்ளே எண்ணெய் அதிகமாகிப் பிளக் நனைந்திருக்கிறது. சற்றுப் பொறுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். வாடையே இல்லையென்றால் எண்ணெய் வரவில்லை. இன்ஜெக்ஷன் வண்டிகளில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால், பெரும்பாலும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் சத்தம் வரும். வரவில்லை என்றால் பியூஸைப் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். ஒயர் துண்டைச் சுற்றி வைப்பது, வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைப்பதற்குச் சமம். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால், சாரல் ஈரம் பிளக் ஒயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் இறங்கிப் பொறியைக் கொன்றுவிடும். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் பிடித்துக்கொள்ளும்.

டீசல் வண்டியில் ஹீட்டர் விளக்கு இருந்தால், அந்தச் சுருள் படம் அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். டீசல் தீர்ந்துபோய் நின்ற வண்டியில் ஊற்றியவுடன் பிடிக்காது; ஏர் பிடித்திருக்கும். ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது அத்துப்படி. பழைய மாடல்களில் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வரும்போது முடுக்கினால் போதும். ஆனால், காமன் ரெயில் வகைப் புது டீசல் வண்டிகளில் இன்ஜின் பக்கத்துக் குழாய்களைக் கழற்றவே கூடாது. அங்கே அழுத்தம் மிக அதிகம். பீச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மெக்கானிக் வேலை.

கொல்லையில் இருக்கும் எதிரி

வண்டி நன்றாகச் சுற்றுகிறது, எண்ணெயும் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் கிராமத்தில் நான் அடுத்து சந்தேகப்படுவது எலியை. எலியின் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளரும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவடை முடிந்து வயல் காலியானதும் அது வைக்கோல் படப்புக்கும், தீவன மூட்டைக்கும் வரும். பக்கத்தில் கதகதப்பாக இன்ஜின் இருந்தால் விடுமா? ஒயரைக் கடித்து, உள்ளேயே கூடும் கட்டிவிடும். வண்டியைப் படப்பை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். வண்டிக்குள் சிந்திய தவிடு, புண்ணாக்கைக் கூட்டி எடுங்கள். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். மலையடிவாரக் கிராமங்களில் எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். கையை விடும் முன் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பாருங்கள். எலி விஷத்தை இன்ஜினுக்குள் வைக்காதீர்கள். எலி உள்ளேயே செத்து நாறும். சிந்தினால் கோழி, நாய்க்கும் ஆபத்து.

சாவியைத் தொடவே கூடாத நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் சாவியைத் திருப்பிப் பார்க்கிற கதை. திருப்பவே கூடாத சமயம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஊருக்குள் வந்தது. அப்படி வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பாப்போம்’ என்று ஸ்டார்ட் செய்வது இயல்பான ஆசை. அந்த ஒரு திருப்பில் இன்ஜினே போய்விடும்.

ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்குவது போல் தண்ணீரை அமுக்க முடியாது. இரும்பு ராடு வளைந்துவிடும். தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்யும் செலவோடு முடிய வேண்டியது, இன்ஜினைப் பிரிக்கும் செலவாகிவிடும். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், சாதாரண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். அதனால் சீட் வரை தண்ணீர் ஏறிய வண்டி என்றால், முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து வைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். சிற்றாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டாலும் இதே விதிதான். வண்டியை விட்டுவிட்டு முதலில் ஆள்கள் கரையேறுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் கவனம் வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லு மாதிரி இருக்கும். இறக்கத்தில் தள்ளிவிட்டால் நிற்காது. சமதரையில், ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்க, சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆன வண்டியை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

எல்லாம் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். அப்போதும் ‘வண்டி ஓடலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தால், ‘வேரோடு ஒரு செடி கொண்டு வாங்க’ என்று சொல்வேன். அதேபோல மெக்கானிக்கிடமும் முழு விவரத்தைக் கொடுங்கள். என்ன சத்தம் வந்தது, லைட் மங்கியதா, எண்ணெய் வாடை அடித்ததா, முந்தின நாள் மழையில் நின்றதா, எதை எதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சரியான சாமானோடு ஒரே தடவையில் வருவார். அலைச்சலுக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்க வேண்டியிருக்காது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது கெட்டது, ஏன் கெட்டது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சாரல் தொடங்கும் முன்பே, வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முனைகளைச் சுத்தம் செய்து, எர்த் பட்டையை முடுக்கி, வோல்ட்டை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டீசல் வண்டி என்றால், ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு ஸ்பேனர், ஜம்பர் ஒயர், உலர்ந்த துணி, இரண்டு பியூஸ், டார்ச் லைட் இவ்வளவையும் ஒரு பையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்கப்போவது அவர்கள்தான்.